மகனால் சாப்பிட முடியாத கச்சாங் போல்

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஈப்போவிலிருந்து என் அண்ணன் குடும்பம் ஜொகூர் பாருவுக்கு வந்திருந்தது. "உங்க ஊருக்கு வந்தா கச்சாங் போல் சாப்பிடணும்னு சொல்றாங்களே" என்று அண்ணி கேட்டதால், ஞாயிறு காலை எல்லோரையும் லார்கின் பக்கம் ஒரு கடைக்கு அழைத்துப் போனேன். மேசையில் தட்டுகள் வந்தன. கெட்டியான பழுப்பு நிறக் குழம்பு, அதன்மேல் பாதி வெந்த முட்டை, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், ஓரத்தில் பாதியாக வெட்டிய கஸ்தூரி எலுமிச்சை. தொட்டுக்கொள்ள வெண்ணெய் தடவிச் சுட்ட தடித்த ரொட்டி.

எல்லோரும் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட, எங்கள் மேசையில் இருவர் மட்டும் வெறும் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டார்கள். ஒருவர் என் மாமியார். குழம்பில் இருந்தது மாட்டிறைச்சி, அவர் தொடமாட்டார். மற்றவன் என் மகன், அப்போது ஆறு வயது. "மா, எனக்கு மட்டும் ஏன் கொழம்பு இல்ல?" என்று கேட்டான். "உனக்கு ஒத்துக்காதுப்பா" என்றேன். அவன் மாமா பிள்ளைகளின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜொகூரில் பிறந்து, ஜொகூரில் வளரும் பிள்ளை, ஜொகூரின் பேர்பெற்ற உணவைச் சாப்பிட முடியாது. காரணம் அந்தக் குழம்பில் இருக்கும் பருப்பு.

ஒரு பருப்பும் ஓர் அட்டையும்

கச்சாங் போல் என்ற பெயரில் உள்ள 'போல்', அரபு மொழியின் 'ஃபூல்' என்ற சொல்லிலிருந்து வந்தது. எகிப்து, சூடான், யேமன் நாடுகளில் காலை உணவாக உண்ணும் 'ஃபூல் மெடாமெஸ்', ஃபாவா என்னும் பெரிய பருப்பை நீண்ட நேரம் வேகவைத்து மசித்துச் செய்வது. யேமனின் ஹட்ரமாவுத் பகுதியிலிருந்து வந்த அரபு வம்சத்தினர் ஜொகூரில் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அரபு நாட்டுப் பருப்பு இங்கே கொத்திய இறைச்சியோடும் மசாலாவோடும் சேர்ந்து ஜொகூரின் சொந்த உணவாகிவிட்டது.

என் மகன் பிறந்த மறுநாள், மருத்துவமனைத் தாதி ஒருவர் வந்து, "குழந்தைக்கு ஜி6பிடி குறைபாடு இருக்கு" என்றார். நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தச் சோதனையைச் செய்வது வழக்கம். ஜி6பிடி என்பது சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் ஒரு நொதி. அது குறைவாக இருப்பவர்களுக்குச் சில மருந்துகளும், துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டையும், ஃபாவா பருப்பும் ஆபத்து. அந்தப் பருப்பில் உள்ள விசின், கான்விசின் என்ற பொருள்கள் சிவப்பணுக்களை உடையச் செய்யும். சாப்பிட்ட ஓரிரு நாளில் உடல் சோர்ந்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போகலாம். அப்படியானால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பருப்பை வேகவைத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்று நம்பக் கூடாது. இது எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுகிறது.

எங்களுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் அதைக் காட்ட வேண்டும். அட்டையைப் பையில் வைத்துக்கொள்வது எளிது. எதை வாயில் வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதைப் பிள்ளைக்குப் புரியவைப்பதுதான் கடினம்.

இதில் பெயர்க் குழப்பம் ஒன்றும் உண்டு. ஃபாவாவை ஆங்கிலத்தில் 'ப்ராட் பீன்ஸ்' என்பார்கள். நம் தோட்டத்து அவரைக்காயையும் சிலர் அப்படியே சொல்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு இனச் செடிகள். பொட்டலத்தின் பின்பக்கத்தை வாசிக்காமல் பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. கொறிக்கும் பருப்புக் கலவைகளில்கூட ஃபாவா இருக்கும். சந்தேகம் வந்தால் நம் மருத்துவரைக் கேட்பதே சரி.

கைப்பேசியில் வந்த ஆசை

போன ஆண்டு ஒரு நாள் மகன் கைப்பேசியைக் கொண்டுவந்து நீட்டினான். "மா, இத பாருங்க. இது செஞ்சு தர்றீங்களா?" ஒரு பன் ரொட்டியின் நடுவே தக்காளிச் சாறோடு கொத்துக்கறி வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் முட்டைக்கோஸ் கலவை. 'ஸ்லாப்பி ஜோ'வாம். சிந்திச் சிதறும் உணவு. அமெரிக்காவில் பள்ளி உணவகத்திலும் வீட்டிலும் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவது. ஐயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் பிறந்தது என்பார்கள் சிலர். கியூபாவின் ஹவானாவில் இருந்த ஒரு மதுக்கடையின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள் வேறு சிலர்.

எனக்கு அதைப் பார்த்ததும் ஹவானா நினைவுக்கு வரவில்லை, லார்கின்தான் நினைவுக்கு வந்தது. சாறோடு கொத்துக்கறி, சுட்ட ரொட்டி, மேலே பச்சையாக நறுக்கிய காய், கொஞ்சம் புளிப்பு. நம் ஊர்க் கச்சாங் போலிலிருந்து பருப்பை எடுத்துவிட்டு ரொட்டிக்குள் வைத்தால் இதுதானே!

யோசித்துப் பார்த்தால் உலகம் முழுவதும் இதன் உறவினர்கள் இருக்கிறார்கள். மும்பையின் ஈரானிக் கடைகளில் கீமா பாவ். நோன்பு மாதச் சந்தைகளில் நீளமான ரொட்டியில் முட்டையும் கொத்துக்கறியும் சேர்த்துப் பொரிக்கும் ரொட்டி ஜான். நம் வீட்டிலோ ஞாயிற்றுக்கிழமை கொத்துக்கறி வறுவல். மாமியாருக்கு மாடு ஆகாது, மகனுக்கு ஃபாவா ஆகாது. ஆட்டிறைச்சியும் கொண்டைக்கடலையும் இருவருக்கும் ஆகும். கொண்டைக்கடலை பற்றி எங்கள் மருத்துவரிடம் கேட்டேன். தாராளமாகக் கொடுக்கலாம் என்றார்.

முதல் ஞாயிறு தோல்வி

எங்கள் வீட்டில் ஞாயிறு மதியம் நால்வரும் சேர்ந்து சாப்பிடுவதே புதிது. என் கணவருக்கு சிங்கப்பூரில் வேலை. அதிகாலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பி ஜொகூர் பாலத்தைத் தாண்டுபவர், வீடு திரும்ப இரவு எட்டரை ஆகிவிடும். அவருக்கு விடுமுறை ஞாயிறு. ஜொகூரில் 2014 முதல் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்ததால், அவர் வீட்டில் இருக்கும் நாளில் மகன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். 2025 ஜனவரி 1 முதல் விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறு ஆனது. அதன் பிறகுதான் ஞாயிறு சமையலுக்கு ஓர் அர்த்தம் வந்தது.

அந்த ஞாயிறு, பேரங்காடியில் வாங்கிய இனிப்பான தக்காளிச் சாறு ஒரு போத்தல், அரைக் கிலோ ஆட்டுக் கொத்துக்கறி, பஞ்சு போன்ற பன் ரொட்டி ஆகியவற்றோடு அடுப்படிக்குப் போனேன். கறி முழுவதையும் சின்ன வாணலியில் ஒரே தடவையில் கொட்டினேன். அது வறுபடவில்லை, தன் நீரிலேயே வெந்து சாம்பல் நிறமானது. அதன் மேல் போத்தல் சாறு. முட்டைக்கோஸை நறுக்கி மயோனைஸில் பிரட்டி அரை மணி நேரம் முன்பே வைத்துவிட்டேன். அதுவும் நீர் விட்டுக் கிண்ணத்தில் மிதந்தது.

மகன் ஒரு கடி கடித்தான். அடி ரொட்டி கையோடு வந்துவிட்டது, கறி முழுவதும் தட்டில். மாமியார் தன் பங்கைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, ரசத்துல ரொட்டி ஊறப்போட்ட மாதிரி இருக்கு?" என்றார். கணவர் கரண்டி எடுத்துவரப் போனார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தம்.

பக்கத்து வீட்டு மக்சிக் சொன்னது

பக்கத்து வீட்டு மக்சிக் கச்சாங் போலை வீட்டிலேயே செய்பவர். வேலி ஓரமாக நின்று என் கதையைக் கேட்டுவிட்டு ஒன்றைத்தான் சொன்னார். "பருப்பில் பாதியை மசித்துவிடு. மசித்த பருப்பு குழம்பைப் பிடித்துக்கொள்ளும்." கடையில் குழம்பு ஏன் ரொட்டியின் மேல் அப்படியே உட்காருகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. பருப்பின் மாவுச்சத்து நீரையும் கொழுப்பையும் கட்டி வைக்கிறது. என் கொண்டைக்கடலைக்கும் அதே குணம் உண்டு.

மற்றதை நானே ஒவ்வொரு ஞாயிறும் செய்து கற்றுக்கொண்டேன். மூன்று இடங்களில் தண்ணீரை அடக்கினால் இந்த உணவு நின்றுவிடும்.

முதலாவது, கறி. வாணலி அகலமாகவும் நன்றாகச் சூடாகவும் இருக்க வேண்டும். கறியை இரண்டு பங்காகப் போட்டு, கிளறாமல் இரண்டு நிமிடம் விட்டுப் பிறகு புரட்ட வேண்டும். நீர் வற்றி, 'சொய்ங்' என்ற சத்தம் மாறி, கறி பழுப்பாகும்போதுதான் வாசனையே வரும். உறைய வைத்த கறியானால் முதல் நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்கி, வடியும் நீரை ஊற்றிவிடுங்கள்.

இரண்டாவது, ரொட்டி. உள்பக்கத்தில் வெண்ணெய் தடவித் தோசைக்கல்லில் பொன்னிறமாகச் சுட வேண்டும். முறுகிய மேற்பரப்பும் கொழுப்பும் சேர்ந்து சாறு உடனே ஊறாமல் தடுக்கும். பஞ்சு போன்ற பன்னைவிடக் கொஞ்சம் கனமான ரொட்டி நல்லது. பெங்காலி ரொட்டியைத் தடிமனாக வெட்டினால் அருமை. ஜொகூர் பாருவின் பழைய நகரப் பகுதிக்குப் போகிறவர்களுக்கு வசதி இருக்கிறது. ஜாலான் தான் ஹியோக் நீ சாலையில் 1919 முதல் இருக்கும் ஹியாப் ஜூ ரொட்டிக்கடை இன்னும் விறகு அடுப்பில் சுடுகிறது. ஜாலான் டோபியில் 1937-இல் தொடங்கிய சலாஹுடின் பேக்கரி, இந்திய முஸ்லிம் குடும்பத்தின் கடை. கோயிலுக்கும் லிட்டில் இந்தியாவுக்கும் போய்வரும் வழியில் ரொட்டியையும் வாங்கி வந்துவிடலாம்.

மூன்றாவது, காய்க் கலவை. 'கோல்ஸ்லோ' என்பது டச்சுச் சொல்லான 'கோல்ஸ்லா'விலிருந்து வந்தது. 'கோல்' என்றால் முட்டைக்கோஸ், 'ஸ்லா' என்றால் சாலட். நறுக்கிய முட்டைக்கோஸில் உப்புப் பிசறிக் கால் மணி நேரம் வைத்தால் உப்பு நீரை வெளியே இழுத்துவிடும். அதைக் கையால் பிழிந்துவிட்டால் பிறகு மொறுமொறுப்பாக நிற்கும். நான் மயோனைஸை விட்டுவிட்டேன். கொஞ்சம் தயிரும் கஸ்தூரி எலுமிச்சைச் சாறும் போதும். ஆட்டுக் கொழுப்பின் கனத்தை அந்தப் புளிப்புதான் குறைக்கும். சிங்குவாங் கிழங்கைக் குச்சி குச்சியாக நறுக்கிச் சேர்த்தால் கடிக்கும்போது கொஞ்சம் இனிப்பும் வரும்.

எங்கள் வீட்டு அளவு (ஐந்து பேருக்கு)

கறிக்கு: ஆட்டுக் கொத்துக்கறி 500 கிராம், கொண்டைக்கடலை 100 கிராம் (இரவு ஊறவைத்து மெத்தென்று வேகவைத்தது), பெரிய வெங்காயம் 2, தக்காளி 3, தக்காளி விழுது 2 மேசைக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது 1 மேசைக்கரண்டி, மல்லித்தூள் 2 தேக்கரண்டி, சீரகத்தூள் 1 தேக்கரண்டி, சோம்புத்தூள் 1 தேக்கரண்டி, மிளகாய்த்தூள் 1½ தேக்கரண்டி, மஞ்சள்தூள் ¼ தேக்கரண்டி, குலா மலாக்கா (பனைவெல்லம்) 1 தேக்கரண்டி, உப்பு, எண்ணெய்.

காய்க் கலவைக்கு: முட்டைக்கோஸ் 250 கிராம், கேரட் 1, சிங்குவாங் பாதி, சின்ன வெங்காயம் 5, பச்சை மிளகாய் 1, மல்லித்தழையும் புதினாவும் ஒரு கைப்பிடி, கெட்டித் தயிர் 3 மேசைக்கரண்டி, கஸ்தூரி எலுமிச்சை 5, மிளகுத்தூள், உப்பு.

ரொட்டி 5, வெண்ணெய், விருப்பப்பட்டால் ஆளுக்கொரு முட்டை.

செய்முறை: சூடான வாணலியில் சிறிது எண்ணெய் விட்டுக் கறியை இரண்டு தடவையாக வறுத்து எடுத்து வையுங்கள். அதே வாணலியில் வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, இஞ்சி பூண்டு விழுது, தூள் வகைகள் சேர்த்துப் பச்சை வாசனை போகக் கிளறுங்கள். நறுக்கிய தக்காளியும் விழுதும் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். கறியைத் திருப்பிப் போட்டு ஒரு கப் தண்ணீர் ஊற்றி மூடி, சிறு தீயில் அரை மணி நேரம் வேகவிடுங்கள். கடலையில் பாதியை மசித்தும் பாதியை முழுதாகவும் சேர்த்து, குலா மலாக்காவும் உப்பும் போட்டுப் பத்து நிமிடம் திறந்தபடியே கொதிக்கவிடுங்கள். கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு ஓரிரு விநாடி மூடாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம்.

கறி வேகும் நேரத்தில் முட்டைக்கோஸில் அரைத் தேக்கரண்டி உப்புப் பிசறி வைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். மற்றக் காய்களை நறுக்கி வையுங்கள். தயிரும் எலுமிச்சைச் சாறும் மிளகுத்தூளும் பரிமாறும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். சுட்ட ரொட்டியில் முதலில் கறி, அதன்மேல் காய்க் கலவை, பிறகு மூடி ரொட்டி. முட்டை வேண்டுமானால் கறிக்கும் காய்க்கும் நடுவில்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு

இந்தக் கறியின் நல்ல குணம், அது காத்திருக்கும். ஒரே நேரத்தில் சாப்பிட உட்கார முடியாத குடும்பங்களுக்கு இது வசதி. சமைத்ததும் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் கொத்துக்கறியை மேசையிலேயே விட்டுவைக்கக் கூடாது. மூன்று நாள்வரை நன்றாக இருக்கும். எடுத்துச் சூடாக்கும்போது கொதி வரும்வரை சூடாக்குங்கள். ரொட்டியை அவ்வப்போது சுடுங்கள், காயை அவ்வப்போது கலக்குங்கள். எங்கள் வீட்டில் மகன் நாலு மணிக்கு ஒன்று, மாமியார் ஏழு மணிக்குப் பாதி, கணவர் எட்டரைக்கு இரண்டு என்று அதே கறி திங்கள்கிழமையும் ஓடிவிடும்.

வெள்ளிக்கிழமையும் புரட்டாசி மாதமும் சைவம் என்றால், கறிக்குப் பதில் பொடியாக நறுக்கிய காளானும் இன்னொரு பங்கு கொண்டைக்கடலையும் போடுங்கள். காளானையும் இதேபோல் நீர் வற்ற வறுத்தெடுக்க வேண்டும். மாமியார் அதைத்தான் அதிகம் கேட்கிறார்.

நாலு பேர் வந்த ஞாயிறு

சென்ற மாதம் மகனின் பள்ளித் தோழர்கள் ஒரு சனிக்கிழமை வெளியே சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்தவன் சாதாரணமாகச் சொன்னான், "கச்சாங் போல் கடைக்குத்தான் போனோம்மா." எனக்கு நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது. "நான் ரொட்டி பக்கார்தான் சாப்பிட்டேன். குழம்புல என்ன பருப்புனு கடைக்காரர்கிட்ட கேட்டேன். ஃபாவானு சொன்னாரு. எனக்கு ஜி6பிடி இருக்கு, வேண்டாம்னு சொல்லிட்டேன்."

ஆறு வயதில் ஏன் என்று கேட்டவன், பதினான்கு வயதில் என்ன பருப்பு என்று கேட்கிறான். நான் எப்போதும் கூடவே இருக்கப் போவதில்லை. அந்தக் கேள்வியை அவனே கேட்டதில் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை.

"பசங்கள வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கேன். நாளைக்கு நம்ம இது செய்யலாமா?" என்றான். அவன் அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, எங்கள் வீட்டில் அது 'நம்ம இது'தான். ஞாயிறன்று நாலு பையன்கள் வந்தார்கள். ஒரு மலாய்ப் பையன் வருவான் என்பதால் ஹலால் கடையில் கறி வாங்கி, புதுப் பாத்திரம் ஒன்றை எடுத்துச் சமைத்தேன். முட்டைக்கோஸைப் பிழியும் வேலை மகனுடையது. மாமியார் எலுமிச்சையை நறுக்கிக் கொடுத்தார். கணவர் தோசைக்கல்லில் ரொட்டி சுட்டார்.

அந்த மலாய்ப் பையன் ஒரு கடி கடித்துவிட்டு, "இது கச்சாங் போல் மாதிரியே இருக்கே" என்றான் மகனிடம். "ஆமா, ஆனா நான் சாப்பிடற கச்சாங் போல்" என்றான் மகன், இரண்டாவது ரொட்டிக்குக் கையை நீட்டியபடி. அரைக் கிலோ போதாமல் ஒரு கிலோவாகச் செய்திருந்தேன். சாயங்காலம் கணவருக்கு எடுத்து வைக்கலாம் என்று வாணலியைப் பார்த்தபோது, அடியில் ஒட்டியிருந்ததையும் யாரோ ரொட்டியால் துடைத்து எடுத்திருந்தார்கள்.